மாரப்பன் மிதித்த பிரேக்

‘ஓட்டுநரின் பழக்கம் சரியில்லை’ என்று கார் சர்வீஸ் வேலைச் சீட்டில் எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆயிற்று. கோபம் மட்டும் ஓய்வு பெறவில்லை.

போன மாதம் எங்கள் தெருவில் குடியிருக்கும் பள்ளி ஆசிரியை ஒருவர் தன் காருடைய வேலைச் சீட்டைக் கொண்டுவந்து காட்டினார். ஏபிஎஸ் பிரேக்கின் எச்சரிக்கை விளக்கு எரிகிறது என்று மூன்று முறை சர்வீஸில் விட்டிருக்கிறார். முதல் இரண்டு முறையும் சக்கர வேக சென்சாரைக் கழற்றிவிட்டுப் புதிது போட்டிருக்கிறார்கள். மூன்றாவது முறையும் விளக்கு எரிந்தது. அப்போதுதான் சீட்டின் அடியில் அந்த வரியை எழுதிக் கையில் கொடுத்திருக்கிறார்கள். நான் அவரோடு அந்த சர்வீஸுக்குப் போனேன். அங்கிருந்த இரண்டு மெக்கானிக்குகளும் நல்ல பிள்ளைகள்தான். கருவியைச் செருகினால் திரையில் ‘இடது பின் சென்சார்’ என்று வருகிறது, அதனால் அதை மாற்றினோம் என்றார்கள். சென்சாரிலிருந்து காரின் கம்ப்யூட்டர் வரைக்கும் போகிற ஒயரை யாராவது தொட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார்கள்.

“உங்க காலத்துல ஏபிஎஸ் எல்லாம் இருந்துச்சுங்களா சார்?” என்று ஒருவர் கேட்டார்.

இருந்தது. அதனால் ஒரு மனிதர் கோர்ட்டு ஏறியதும் இருந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் படித்தவன். காந்திபுரத்தில் ஒரு கடையில் ஏழு வருடம் டைனமோவும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் பிரித்துப் பூட்டினேன். அங்கே கற்றதில் உருப்படியானது ஒன்றுதான்: விளக்கு மங்கினால் பல்பைத் திட்டாதே, முதலில் எர்த் இணைப்பைப் பார். பிறகு அவிநாசி ரோட்டில் வெளிநாட்டு கார்கள் பார்க்கிற பெரிய ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் ஏபிஎஸ் பிரேக் உள்ள கார்கள் கோவை மில் முதலாளிகள் வீடுகளுக்கு ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. கம்பெனி என்னைச் சென்னைக்கு அனுப்பி மூன்று நாள் பயிற்சி கொடுத்தது. திரும்பி வந்ததும் ஊரிலேயே ஏபிஎஸ் தெரிந்த ஆள் நான்தான் என்று பெயர் வந்துவிட்டது. அந்தப் பெயர் என் தலைக்கும் ஏறியிருந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

எங்கள் ஒர்க்‌ஷாப் மேனேஜர் ராஜகோபால். முழுக்கை வெள்ளைச் சட்டையை முழங்கை வரைக்கும்கூட மடிக்க மாட்டார். அவர் விரல் ஒரு காரின் மேல் பட்டு நான் பார்த்ததில்லை. பேனாவின் பின்புறத்தால் பானெட்டை இரண்டு தட்டுத் தட்டுவார், அவ்வளவுதான். குரலை உயர்த்தவே மாட்டார். பெருக்குகிறவரிடம்கூட ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசுவார். எங்கள் ஊரில் மரியாதை எல்லோருக்கும் உண்டு. ஆனால் மரியாதையாகவே ஒரு ஆளை நசுக்க முடியும் என்பதை நான் அவரிடம்தான் பார்த்தேன். “நீங்க சொல்றது சரிதானுங்க” என்று அவர் தொடங்கினால் நாம் சொன்னது குப்பைக்குப் போகிறது என்று அர்த்தம்.

மாரப்பன் ஒரு நூல் மில் முதலாளியின் டிரைவர். சென்னிமலைக்காரர். ஐம்பதைத் தொட்டிருந்தார். இருபத்திரண்டு வருடமாக அந்தக் குடும்பத்துக்கு வண்டி ஓட்டியவர். ஒரு கீறல்கூட விழுந்ததில்லை என்பது மில்லில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தால் மற்ற டிரைவர்களைப் போல டீக்கடைக்குப் போக மாட்டார். பழுது பார்க்கிற இடத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

முதலாளியின் காருக்கு எங்கள் ஒர்க்‌ஷாப்பில் இடது முன்பக்க ஷாக் அப்சார்பர் மாற்றினோம். அடுத்த வாரமே மாரப்பன் வண்டியோடு திரும்பி வந்தார்.

“பிரேக் மிதிச்சா பெடல் கால்ல துடிக்குதுங்க. வண்டி நிக்காம இழுத்துட்டுப் போகுதுங்க. மஞ்ச வெளக்கு ஒண்ணும் எரியுது. வண்டிய ஆப் பண்ணி ஸ்டார்ட் பண்ணா வெளக்கு போயிருதுங்க.”

“எப்பப் பார்த்தாலும் வருதுங்களா?” என்று மேனேஜர் கேட்டார்.

“இல்லீங்க. எங்க மில் கேட்டுகிட்ட எறக்கத்துல வலது கைப்பக்கம் திரும்பறப்பத்தானுங்க. நேர் ரோட்டுல ஒண்ணும் ஆகறதில்ல.”

இதைவிடத் தெளிவாக ஒரு டிரைவர் பழுதைச் சொல்ல முடியாது. பாதி வேலையை அவரே முடித்துக் கொடுத்துவிட்டார். ஆனால் வேலைச் சீட்டில் ஏறியது ‘பிரேக் புகார்’ என்ற இரண்டு சொற்கள்தான். எங்கள் ஆள் ஒருவர் அவிநாசி ரோட்டில் நேராக ஓட்டிப் பார்த்துவிட்டு ‘சரியாக உள்ளது’ என்று எழுதினார். பத்து நாளில் மாரப்பன் மறுபடி வந்தார். இந்த முறை வண்டி என்னிடம் வந்தது.

சென்சார் என்பது பெரிய வித்தை இல்லை. காந்தமும் கம்பிச் சுருளும் சேர்ந்த ஒரு சின்ன உருளை. அதன் எதிரில் சக்கரத்தோடு சேர்ந்து ஒரு பல்வளையம் சுற்றுகிறது. ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது சுருளில் ஒரு சின்ன மின் அலை எழும்பும். அதை எண்ணித்தான் சக்கரம் எவ்வளவு வேகம் என்று கம்ப்யூட்டர் தெரிந்துகொள்ளும். பிரேக் மிதிக்கும்போது ஒரு சக்கரத்தின் அலை நின்றுபோனால் அது ‘சக்கரம் இறுகிவிட்டது, வழுக்கப்போகிறது’ என்று நினைத்து அந்தச் சக்கரத்தின் பிரேக்கை மட்டும் விட்டு விட்டுத் தளர்த்தும். பெடலில் துடிப்பு வருவது அதனால்தான். சக்கரம் நிஜமாக இறுகியிருந்தால் அது உயிரைக் காப்பாற்றும். சக்கரம் ஓடிக்கொண்டிருக்க, ஒயர் மட்டும் அறுந்து அலை நின்றிருந்தால், நல்ல பிரேக்கை அதுவே பிடுங்கிக்கொள்ளும்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அன்றைக்கு நான் செய்தது இதுதான்: கம்ப்யூட்டரின் பிளக்கைக் கழற்றி, நின்றுகொண்டிருந்த வண்டியில், நான்கு சென்சார்களுக்கும் டிஜிட்டல் மீட்டரை வைத்து மின்தடையை அளந்தேன். நான்கும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டின. ‘சென்சார்கள் சரி, மின்கோளாறு இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பதினைந்து நிமிட வேலை. மேனேஜர் அதன் கீழே தன் அழகான கையெழுத்தில் ‘ஓட்டுநருக்குப் பிரேக் மிதிக்கும் முறை விளக்கப்பட்டது’ என்று சேர்த்தார்.

மூன்று வாரம் கழித்து, காலை ஷிப்ட் மாறும் நேரத்தில், மில் கேட்டில் கார் நிற்கவில்லை. கேட்டைத் திறக்க வந்த காவலாளி ஆறுமுகத்தின் வலது கால் பம்பருக்கும் கேட் தூணுக்கும் இடையில் சிக்கி இரண்டு இடத்தில் முறிந்தது. முதலாளி பின்சீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாராம். அஜாக்கிரதையாக ஓட்டியதாக மாரப்பன் மேல் வழக்குப் பதிவானது. லைசென்ஸ் கையை விட்டுப் போயிற்று. மில்லில் அன்றைக்கே நிறுத்திவிட்டார்கள். வாகன ஆய்வாளர் வண்டியை நேர் ரோட்டில் ஓட்டிப் பார்த்து, பிரேக் நன்றாக இருக்கிறது என்று எழுதினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் சீட்டுகள் இரண்டும் அவர் கையில் இருந்தன.

வண்டி பம்பரும் விளக்கும் மாற்ற எங்களிடமே வந்தது. மேனேஜர் என்னை அழைத்து, “தேவராஜ், ஹெட்லைட் ஒயரிங் மட்டும் பார்த்துக் குடுத்துருங்க. வேற எதையும் நோண்ட வேண்டாமுங்க, வண்டி கேஸ்ல இருக்குது” என்றார்.

அன்று மத்தியானம் மாரப்பன் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். யூனிபாரம் இல்லாமல் வேட்டி சட்டையில் இருந்ததால் முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவரை உள்ளே விடக் கூடாது என்று உத்தரவாகியிருந்தது. சாப்பிட வெளியே போன நான் கேட்டுக்கு வெளியில் அவரைப் பார்த்தேன். பார்க்காதவன் போல நடந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

“ஏனுங்க தேவராஜ், ஒரு நிமிசமுங்க.”

நின்றேன்.

“நான் உங்கள ஒண்ணும் கேக்க வரலீங்க. கேஸு கெடக்குது. ஆறுமுகம் என் கண்ணு முன்னாடி கத்துனான். அவன் கால் மேல ஏத்துனது நான்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்குத் தெரியோணுமுங்க, நானா, வண்டியான்னு. ஸ்டியரிங்க வலது பக்கம் முழுசா ஒடிச்சு வெச்சு, முன்னாடி அமுக்கிப் பாருங்க. கேட்டுகிட்ட வண்டி எப்புடி இருக்குமோ அப்புடி. அவ்வளவுதானுங்க.”

அதைச் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

திரும்பி வந்ததும் ஹெட்லைட்டுக்கு வழி செய்ய இடது முன்சக்கரத்தையும் உள்பக்கத்து பிளாஸ்டிக் தட்டையும் கழற்றினேன். அதற்கு எனக்கு அனுமதி இருந்தது. உள்ளே பார்த்தவுடனே புரிந்துபோயிற்று. சென்சார் ஒயரை ஷாக் அப்சார்பரோடு சேர்த்துப் பிடிக்க ஒரு கிளிப் உண்டு. அந்தக் கிளிப் மாட்டப்படவே இல்லை. ஷாக் அப்சார்பர் மாற்றிய அன்று எங்கள் ஆட்கள் விட்டுவிட்டார்கள். ஒயர் தொளதொளவென்று தொங்கியது. ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடிக்கும்போதெல்லாம் அது விறைத்து ஒரே இடத்தில் மடங்கியிருக்கிறது. மேல்தோலில் ஒரு வெடிப்புக்கூட இல்லை.

அன்று செய்ததை முதல் முறையே செய்திருக்க வேண்டும். சக்கரத்தை மாட்டி வண்டியைத் தரையில் இறக்கினேன். டிஜிட்டல் மீட்டரை வைத்துவிட்டு முள் உள்ள பழைய மீட்டரை எடுத்து அந்த ஒயரில் மாட்டினேன். கண் இமைக்கும் நேரத்து அறுப்பை எண் காட்டாது, முள் காட்டும். முன்சக்கரங்கள் நேராக இருந்தபோது முள் அசையவில்லை. ஸ்டியரிங்கை வலது பக்கம் முழுக்க ஒடித்தேன். முள் லேசாக நடுங்கியது. பெயின்ட் பிரிவிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டு முன்பக்கத்தை அமுக்கச் சொன்னேன், பிரேக் பிடித்தால் மூக்கு தாழ்வது போல. முள் விழுந்தது. விட்டார்கள், எழுந்தது. அமுக்கினார்கள், மறுபடி விழுந்தது. பத்து முறைக்கு எட்டு முறை.

வலது பக்கம் திரும்பியபடி இறக்கத்தில் பிரேக் பிடித்தால் வண்டியின் பாரம் முழுக்க இடது முன்சக்கரத்தின் மேல்தான் சாயும். சரியாக அந்தச் சக்கரத்தின் பிரேக்கைத்தான் அந்த ஒயர் பிடுங்கிக்கொண்டிருந்தது. மாரப்பன் ஒரு எழுத்துக்கூடத் தப்பாகச் சொல்லவில்லை.

நான் மேனேஜரின் கண்ணாடி அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். மூடியைத் திருகிப் பேனாவை மூடினார்.

“நீங்க சொல்றது சரிதானுங்க. அந்த ஒயர மாத்திப் போட்டுருங்க. ரிப்போர்ட்ல எதுவும் எழுத வேண்டாமுங்க.”

“அப்ப மாரப்பன்?”

“பாவந்தானுங்க. ஆனா கிளிப்பு உட்டுப்போச்சுன்னு எழுதுனா நாளைக்கு இந்த வாசல்ல யாருங்க வண்டிய உடுவாங்க? நூறு பேரு இங்க வேலை பார்க்கறாங்க. ஒருத்தருக்காகப் பார்த்தா முடியுங்களா? அதுவுமில்லாம...” என்று இரண்டாவது வேலைச் சீட்டை எடுத்து என் பக்கம் திருப்பிவைத்தார். “கையெழுத்து உங்களுதுங்களே.”

குரலில் ஒரு கடுமை இல்லை. டீ சாப்பிடுகிறீர்களா என்றுகூடக் கேட்டார். எனக்குப் பயம் பாதி, கோபம் பாதி. ஒரு மனிதரின் இருபத்திரண்டு வருடத்தை அவர் பேனாமுனையால் தள்ளிவைக்கிறார், அதற்கு என் கையெழுத்தையே கருவியாக எடுக்கிறார்.

நான் ஒயரை மாற்றவில்லை. பொதுத் தொலைபேசிக்குப் போய் மில் முதலாளிக்குப் பேசினேன். “உங்க காரை நீங்களே ஒரு தடவ ஓட்டிப் பார்க்கோணுமுங்க. உங்க மில் கேட்டுலயே பார்க்கலாமுங்க” என்றேன். ஏன் என்று கேட்டார். “சொன்னா நம்ப மாட்டீங்க. மிதிச்சாத் தெரியுமுங்க” என்றேன். மறுநாள் காலையில் அவரே வந்தார். மேனேஜருக்கு மறுக்க வழியில்லை. அவரும் பின்சீட்டில் ஏறிக்கொண்டார், நான் முதலாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மில்லுக்குப் போய் கேட்டை அகலத் திறந்துவைக்கச் சொன்னேன். பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது என்றேன். முதலாளி இறக்கத்தில் வண்டியை மெதுவாக விட்டு, வலது பக்கம் ஒடித்து, கேட்டுக்கு முன்னால் சுண்ணாம்பில் நான் போட்ட கோட்டில் நிறுத்தப் பார்த்தார். முதல் முறை நின்றது. மேனேஜர் தொண்டையைச் செருமினார். இரண்டாவது முறை கொஞ்சம் அழுத்தி மிதித்தார். ‘டர்ர்ர்’ என்று பெடல் துடித்தது. வண்டி கோட்டைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, ஆறுமுகம் நின்ற இடத்தைத் தாண்டிப் போய் நின்றது. மஞ்சள் விளக்கு எரிந்தது.

முதலாளி காலைப் பெடலிலிருந்து எடுக்கவே இல்லை. “மாரப்பன் எங்கிட்ட ரெண்டு தடவ சொன்னான். நான் பேப்பரை மடிக்கக்கூட இல்ல” என்றார்.

“இந்தக் கோளாறு இடிச்ச பின்னாடி வந்திருக்குமுங்க” என்று பின்சீட்டிலிருந்து மேனேஜர் அமைதியாகச் சொன்னார். “முன்னாடி எங்க சீட்டுல சரின்னுதானுங்க இருக்குது.”

அந்த இடத்தில்தான் எனக்கு எல்லாம் அறுந்தது. “சரின்னு எழுதுனது நானுங்க!” என்று கத்திவிட்டேன். ஒரு காருக்குள் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. “நிக்கற வண்டியில அளந்துபோட்டு எழுதுனேன். அந்த ஆளு சொன்னதக் காதுல வாங்கல. கிளிப்பு மாட்டாதது நம்ம ஆளுங்க. கையெழுத்து என்னுது. இதுல மாரப்பன் பண்ண தப்பு என்னன்னு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க!”

முதலாளி கதவைத் திறந்து இறங்கினார்.

முதலாளியின் முன்னாலேயே அந்த ஒயரின் தோலைக் கிழித்துக் காட்டினேன். மடங்கிய இடத்தில் செம்பு இழைகள் துண்டு துண்டாக அறுந்து கொட்டின. மிஞ்சியிருந்தவை இரண்டே இழைகள். அவையும் ஒட்டாமல் முனையில் உரசிக்கொண்டிருந்தன. நடந்ததை நடந்தபடி மூன்று பக்கம் எழுதி, என் தப்பையும் சேர்த்துக் கையெழுத்திட்டு, முதலாளியிடம் ஒன்றும் மாரப்பனின் வக்கீலிடம் ஒன்றுமாகக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் என்னை பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றும் பிரிவுக்கு மாற்றினார்கள். மாற்றிய உத்தரவிலும் மரியாதைக்குக் குறைவில்லை. ஐந்து மாதம் இருந்துவிட்டு வெளியே வந்து பீளமேட்டில் சொந்தமாகக் கடை போட்டேன். என் கடையில் ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தேன். வண்டி கொண்டுவருகிறவர் சொல்வதை அவர் சொன்ன சொல்லிலேயே எழுத வேண்டும். ‘கால்ல துடிக்குது’ என்றால் ‘கால்ல துடிக்குது’. அதைத் திருத்தி ‘பிரேக் புகார்’ ஆக்குகிறவருக்கு என் கடையில் வேலை இல்லை.

ராஜகோபால் கடைசி வரைக்கும் மேனேஜராகவே இருந்து மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார். எனக்கும் அழைப்பு வந்தது. போகவில்லை. ஆறுமுகத்தின் கால் கூடியது. ஆனால் ஒரு பக்கம் சாய்த்துத்தான் நடந்தார். அவரை மில் கைவிடவில்லை என்பது மட்டும் ஆறுதல்.

மாரப்பனின் வழக்கு மூன்று வருடம் இழுத்தது. மூன்று வருடம்! ஒயர் யாருடையது, கிளிப் யாருடையது என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகும் வாய்தா மேல் வாய்தா. நான் சாட்சிக்கூண்டில் ஏறி, நான் அளந்த விதம் தப்பு என்று நான்கு முறை சொன்னேன். கடைசியில் விடுதலை ஆனார். முதலாளி கோர்ட்டுக்கே வந்து மறுபடி வேலைக்குக் கூப்பிட்டார். மாரப்பன் கும்பிட்டுவிட்டு, “வேண்டாமுங்க. இனி ஸ்டியரிங்கப் புடிச்சா கை ஒப்பாதுங்க” என்றார்.

முதலாளி போன பிறகு நானும் அவரும் கோர்ட்டு வராந்தாவில் நின்றோம். மூன்று வருடமாக மனதில் வைத்திருந்ததைக் கேட்டேன்.

“என்னை மன்னிச்சுருங்க மாரப்பண்ணா. அன்னைக்கே நான் ஒழுங்காப் பார்த்திருக்கோணும்.”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ரெண்டாவது தடவ வண்டி கொண்டாந்தப்ப நீங்க ஒண்ணு கேட்டீங்க. ஞாபகம் இருக்குதுங்களா?”

எனக்கு ஞாபகம் இல்லை.

“பெடல் துடிக்குதுன்னு சொன்னனுங்க. நீங்க மீட்டரச் சுருட்டிக்கிட்டே, ‘பெடல் துடிக்குதுங்களா, இல்ல உங்க கால் துடிக்குதுங்களா, வயசாகுதில்லீங்க’ன்னு சிரிச்சீங்க. ஏபிஎஸ் படிச்ச ஆளு சொல்றாரு, சரியாத்தான் இருக்குமுன்னு நெனச்சனுங்க. அன்னைக்குப் பொழுதோட டாக்டர்கிட்டப் போனேன். நரம்புத் தளர்ச்சின்னு மாத்திர குடுத்தாரு. ஆறுமுகம் மேல ஏத்துன அன்னைக்குக் காலையிலயும் அந்த மாத்திரயப் போட்டுட்டுத்தானுங்க வண்டி எடுத்தேன்.”

ஈரோடு பஸ் பிடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கிப் போனார்.